அந்த அறை காலியாக இல்லை

நீங்கள் பொய் சொன்னீர்கள். ராயபுரத்து வீட்டின் பின்பக்கம், குப்பத்துக்குப் பஞ்சாயத்துச் சொல்லும் கிராமத்தாரைக் கூட்டி வந்து, என் அறைக் கதவைத் திறந்துவிட்டு, "நல்லா பாத்துக்கோங்க, காலியா கீது" என்றீர்கள். அது காலி இல்லை என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் அந்நியர் இல்லை. என் கணவரின் உடன்பிறந்த அண்ணன்.

படிக்கிறவர்களுக்கு விஷயம் புரிய வேண்டும் என்பதற்காக முதலிலிருந்து எழுதுகிறேன்.

நான் கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டில் ஒரே கூடம். அதில் மாமனார், நீங்கள், உங்கள் மனைவி, பிள்ளைகள், நாங்கள் இரண்டு பேர். ஒரு பழைய படகுப் பாய்த்துணியைக் கயிற்றில் தொங்கவிட்டு, இந்தப் பக்கம் புது ஜோடி என்றார்கள். கடல் காற்று அடித்தால் துணி மேலே தூக்கும். நான் புரண்டு படுத்தால் உங்கள் பிள்ளைகள் சிரிக்கும். புருஷனோடு பேச வேண்டுமானால் கடற்கரைக்குப் போக வேண்டும். அங்கே உட்கார இடமுண்டு, மறைவு கிடையாது. இதைக் குடித்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உலகச் சண்டை முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளத்து வண்டிகளைத் திருவொற்றியூர் பக்கம் ஒரு யார்டில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். நான் அங்கே பெருக்கும் வேலைக்குப் போனேன். லாரிகளுக்கு நடுவில் ஜன்னல் வைத்த பெட்டி ஒன்று சக்கரத்தின் மேல் நின்றது. மேஸ்திரியிடம் என்ன என்று கேட்டேன்.

"லாரி பின்னால மாட்டி இஸ்துகினு போற வூடு. தொர இதுலதான் தூங்குவாராம். உள்ள போய்க் கூட்டு, ஏலத்துக்கு ஆள் வர்றாங்க."

உள்ளே போனேன். எங்கள் கூடத்தில் பாதிகூட இல்லை. ஆனால் கட்டில் சுவரோடு மடிந்து நின்றது. கொக்கியை எடுத்தால் சங்கிலியில் இறங்கியது. உட்காரும் பலகையைத் தூக்கினால் அடியில் துணிப்பெட்டி. மேஜை கீலில் தொங்கியது. அலமாரித் தட்டுகளின் விளிம்பில் சின்னச் சட்டம் அடித்திருந்தார்கள், வண்டி ஓடும்போது சாமான் விழாமலிருக்க. புடவைத் தலைப்பில் முடிச்சுப் போட்டுப் போட்டு அளவெடுத்தேன்.

எங்கள் வீட்டின் பின்பக்கத்தில் கிழிந்த வலைகளைப் போட்டுவைக்கும் ஒரு மூலை இருந்தது. மாமனாரிடம் கேட்டேன். "எட்துக்கோ" என்றார். என் கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். உடைந்த கள்ளிப்பெட்டிப் பலகைகளை அங்கே கேட்டு வாங்கி வந்தார். மூலையைத் தடுத்துக் கதவு வைத்து, சுவர் முழுக்கப் பலகை அடித்தோம். கட்டிலை மடித்தால் அதுவும் அந்தப் பலகைச் சுவரில் ஒன்றாகிவிடும். பாய், தலையணை, துணி எல்லாம் அதற்குள் வாரால் கட்டியிருக்கும். பலகைக்குள் மூடிவிடும் அலமாரித் தட்டுகளுக்கு விளிம்புச் சட்டமும் அடித்தேன். அதைப் பார்த்துத்தான் நீங்கள் கிண்டல் செய்தீர்கள்.

"இன்னாடா, ஒம் பொண்டாட்டி தட்டுக்கெல்லாம் வேலி போட்டுகினு கீறா? வூடு எங்கனா ஓடப் போவுதா?"

"ஓடுனா ஒனக்கு டிக்கட்டு இல்லண்ணா" என்றார் இவர்.

நீங்கள் சிரித்தீர்கள். அதோடு விட்டீர்களா? கீல் முடுக்கும்போது கட்டில் பலகையைத் தாங்கிப் பிடிக்க ஆள் போதவில்லை. நீங்கள்தான் தோள் கொடுத்தீர்கள். முடிந்ததும் முதலில் ஏறிப் படுத்தவரும் நீங்கள்தான். கையைக் காலை நீட்டி, "தொர கணக்கா கீதுடா" என்றீர்கள். நான் வாசலில் நின்று கேட்டேன்.

மாமனார் செத்துப் போனார். எங்கள் குப்பத்தில் அப்போது ஒரு வழக்கம். தகப்பன் போனபின் வீட்டில் யார் எங்கே படுக்கிறார்களோ, அந்த இடம் அவர்களுக்கு. யாரும் படுக்காத இடம் மூத்த மகனுக்கு. கிராமத்தார் வந்து பாய், தலையணையைப் பார்த்துச் சொல்வார்கள். சொன்னால் சொன்னதுதான்.

இவர் துறைமுகத்துக்கும் நான் யார்டுக்கும் போன பிறகு, பட்டப்பகலில் அவர்களைக் கூட்டி வந்தீர்கள். விடிந்ததும் கட்டிலை மடித்துவிடுவது என் பழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாய் இல்லை, தலையணை இல்லை, துணி இல்லை. நாலு பக்கமும் பலகை. நீங்கள் "காலி" என்றீர்கள். அவர்களும் "காலி" என்றார்கள். அத்தனை சாமான் வைத்தும் ஒன்றும் வெளியே தெரியாதபடி கட்டியதில் எனக்குப் பெருமை. அந்தப் பெருமையை வைத்தே என்னைத் துரத்தினீர்கள்.

நான் திரும்பி வந்தபோது அறையில் உங்கள் வலை கூரை வரைக்கும் கிடந்தது. கிராமத்தாரிடம் ஓடினேன்.

"கட்டில் செவுத்துல ஒட்டிகினு கீதா? இன்னாம்மா கத வுடுற?" என்றார் ஒரு பெரியவர்.

"வலய எடுக்கச் சொல்லுங்க நைனா. இறக்கிக் காட்டுறேன்."

"பேச்சு முட்ஞ்சி போச்சி. போ."

நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். "மாமா, நீங்க ஏறிப் படுத்தீங்களே, சொல்லுங்க" என்றேன். நீங்கள் கடலைப் பார்த்தீர்கள். இவர், "அண்ணா, நீ தோள் குட்த்தியே" என்றார். அதற்கும் கடலைப் பார்த்தீர்கள். அப்படி என்ன இருந்தது அங்கே?

எண்ணூரில் ஒரு தகரக் கொட்டகைக்குப் போனோம். அங்கே மறுபடியும் பாய்த்துணி, மறுபடியும் கயிறு. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இன்றைக்கும் அடங்கவில்லை. கட்டிலை இறக்கி ஈர வலையை ஏற்றி ஏற்றி, அதன் சங்கிலி துருப்பிடித்து அறுந்து போயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த இடத்தை நீங்கள் ஒரு நாளாவது படுக்க உபயோகித்தீர்களா என்றால், அதுவும் இல்லை.

இப்போது கிராமத்தார் வரிசையில் நீங்களே உட்காருகிறீர்கள். யார் வீட்டில் எது காலி என்று நீங்கள் சொல்கிறீர்கள், ஊர் கேட்கிறது. எனக்கு அறை வேண்டாம். மன்னிப்பும் வேண்டாம், அதை வைத்து நான் என்ன செய்ய? மீன் ஏலம் போடும் இடத்துக்கு வாருங்கள். ஊரே அங்கே நிற்கும். நானும் வந்து நிற்கிறேன். அந்தக் கட்டில் பலகைக்குத் தோள் கொடுத்தீர்களா, இல்லையா? அதன் மேல் ஏறிப் படுத்தீர்களா, இல்லையா? கடலைப் பார்க்காமல், என் முகத்தைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்.