காவ்யாவின் வகிடு

முதலில் எண்ணெய், பிறகு சீப்பு. மகள் காவ்யாவின் வகிட்டை வலப்பக்கம் தள்ளி எடுத்து, இடக்காதுக்கு மேல் வளைந்து போகும் தழும்பை முடியால் மூடி, அதன்மேல் கனகாம்பரத்தைச் செருகிய பிறகுதான் சந்தனமேரி அடுப்பைப் பற்ற வைப்பாள். கந்தர்வக்கோட்டை தாண்டி ரோட்டோரம் முந்திரி வறுத்து விற்கும் கொட்டகை அவளுடையது. காலையிலேயே வண்டியை நிறுத்துகிறவர்கள் காத்துக் கிடக்க வேண்டியதுதான். “செத்த இருங்க, புள்ளைக்குத் தலை சீவிட்டு வாரேன்” என்பாள். அதுவரை கலெக்டரே வந்து நின்றாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

வாய்க்குப் பூட்டே கிடையாது. விலையைக் கேட்டு முகம் சுளிக்கும் கார்க்காரர்களிடம், முந்திரிக் கொட்டைத் தோலின் பால் பட்டுக் கருத்துப்போன விரல்களை நீட்டி, “இந்தக் கையப் பாத்துட்டு அப்பறம் வெலையப் பேசுங்க” என்பாள். இவ்வளவு பேசுகிறவள், தழும்பைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும், “சின்னதுல விழுந்துட்டா” என்று முடித்துக்கொள்வாள்.

விழுந்தது என்னவோ நிஜம். ஐந்து வயதில் காவ்யாவுக்கு வலிப்பு வந்தது. மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தும் அடங்கவில்லை. மூளையில் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று சோதித்துப் பார்த்த சென்னை டாக்டர், ஆபரேஷன் செய்து அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடலாம், தள்ளிப் போடாதீர்கள் என்றார். சந்தனமேரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிட்டாள். ஊரில் சொன்னது வேறு. “பொம்பளப் புள்ளதானே, வயசுக்கு வந்தா தன்னால நின்னுரும்.” தலையைத் திறப்பதைவிட அது எவ்வளவோ சுலபம். நம்பினாள் பாவி. வருஷக்கணக்காகக் காத்திருந்தாள். காவ்யா பெரியவளானதும் பந்தல் போட்டு, ஊரைக் கூட்டிச் சடங்கு வைத்தாள். மாமன் சீரை வாங்க எழுந்த பெண், பட்டுப்புடவையோடு அந்த மணையிலேயே விழுந்து வெட்டி வெட்டி இழுத்தாள்.

அதற்கப்புறம்தான் ஆபரேஷன். வலிப்பு நின்றது, இன்றுவரை வரவில்லை. ஆனால் அது தின்ற வருஷங்களை எந்த டாக்டரால் திருப்பித் தர முடியும்? காவ்யாவுக்குப் பேச்சு நடுவில் சிக்கிக்கொள்ளும். வாசித்த வரி அடுத்த நிமிஷம் மறந்துபோகும். கூடப் படித்தவர்கள் காலேஜ் பஸ்ஸிலிருந்து கையசைத்துவிட்டுப் போகிறார்கள். “அப்பவே கூட்டிட்டுப் போயிருந்தா எம்புள்ளையும் அந்த பஸ்ஸுல போயிருப்பா” என்று புருஷன் ஜஸ்டினிடம் மட்டும் சொல்லி அழுவாள். அவனும் அன்றைக்கு ஊர்ப் பேச்சைக் கேட்டவன்தானே, முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கியது. முந்திரியை வாயருகே கொண்டுபோன சிறுமி அப்படியே நின்றாள். கண் செருகியது, உதடு கோணிக்கொண்டு இழுத்தது. சந்தனமேரி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தாங்கி, ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்குத் தெளிந்தது.

“எந்த மாத்திரைக்கும் கேக்க மாட்டேங்குதுங்க” என்றாள் அதன் தாய். “ஆபரேஷன் பண்ணச் சொல்றாங்க, எங்களுக்குப் பயமா இருக்கு. பெரியவளானா சரியாயிரும்னு மாமியார் சொல்றாங்க.”

சந்தனமேரி திரும்பி மகளைப் பார்த்தாள். காவ்யா தானாகவே வந்து அம்மாவின் முன்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்தாள். சந்தனமேரி கனகாம்பரத்தை உருவி மடியில் போட்டுக்கொண்டு, காலையில் தழும்பை மூடி வைத்த முடியை அந்தத் தாய் பார்க்கும்படி இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்தாள்.