பஸ் நின்ற நேரத்துப் பாவங்கள்

டைரி எழுதினால் மனசு லேசாகும் என்று திருவொற்றியூரில் என்னோடு வேலை செய்யும் அக்கா சொன்னார். சரக்குக் கிடங்கு ஆபீஸில் நாள் முழுக்க கம்ப்யூட்டரில் கண்டெய்னர் நம்பர்களை அடிக்கிறவர்கள் நாங்கள். அப்போதெல்லாம் எனக்குக் காரணமே தெரியாமல் அழுகை வரும். எழுதித்தான் பார்ப்போமே என்று ஒரு நோட்டு வாங்கினேன்.

வீட்டில் எழுத இடம் ஏது? பஸ்ஸில்தான். மாலையில் ராயபுரம் திரும்பும்போது, துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். நடுவில் எங்கள் பஸ்ஸும் நிற்கும். எல்லோரும் கொஞ்ச நேரம் திட்டுவார்கள், அப்புறம் தூங்கிப்போவார்கள். ஜன்னலுக்கு வெளியே நீலமும் பச்சையும் துருவுமாக இரும்புச் சுவர்கள். இரண்டு லாரிகளுக்கு இடையில் ஒரு துண்டுக் கடல். வெயில் தணியத் தணிய அந்தத் துண்டு வெள்ளியாகி, சாம்பலாகி, மெல்ல மங்கும். நகர்வது பஸ்ஸா, லாரியா, கடலேதானா என்று தெரியாது. அந்த மயக்கம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஆனால் நோட்டில் எழுதியது வேறு. ‘மாமியாரிடம் சாப்பிட்டாச்சு என்று பொய் சொன்னேன். மேனேஜர்மேல் எரிச்சல்பட்டேன். ஜெபத்தின்போது கொட்டாவி விட்டேன்.’ நாங்கள் கத்தோலிக்கர்கள். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது எதுவும் விட்டுப்போகக் கூடாதென்று, பாவங்களைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போக சின்ன வயதில் முதல் நன்மை வாங்குவதற்கான வகுப்பிலேயே பழக்கியிருந்தார்கள். பேனாவைத் திறந்தால் என் கைக்கு அது ஒன்றுதான் தெரிந்தது. பக்கத்துக்குப் பக்கம் கீழே சிலுவை வேறு போட்டிருந்தேன். மனசு எங்கே லேசானது, இன்னும் கனத்ததுதான் மிச்சம்.

அதிலும் ஒரு பாவம் திரும்பத் திரும்ப வந்தது. ‘பஸ் லேட்டானதில் சந்தோஷப்பட்டேன்.’ வீட்டில் புருஷன் என்று தங்கமான மனுஷன் ஒருவர் இருக்கிறார், எனக்கோ சீக்கிரம் போய்ச்சேர மனசில்லை. நானெல்லாம் என்ன பெண் என்று என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், பொறுக்க மாட்டாமல் நோட்டை அவரிடமே கொடுத்துவிட்டேன். அவருக்குக் கொருக்குப்பேட்டை ரயில்வே கூட்ஸ் யார்டில் வேலை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு புரட்டினார்.

“இன்னாமே இது, எஃப்.ஐ.ஆர். மாதிரி கீது? இம்மாம் பெரிய அக்யூஸ்ட்டோடயா நான் குடும்பம் நட்த்திகினு கீறேன்?”

சிரித்துக்கொண்டே படித்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார். எந்த வரி என்று எனக்குத் தெரியும். அவர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் மட்டும் டூட்டி முட்ஞ்சா நேரா வூட்டுக்கா வர்றேன்? பிரிட்ஜு மேல நின்னுகினு கூட்ஸ் வண்டியப் பாத்துகினு இருப்பேன். கடைசிப் பொட்டி போனாத்தான் காலு நவுரும். நீ பேஜாராயிடுவியேன்னு சொல்லல.”

நோட்டை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“ரெண்டு பேரும் ஒரே கேஸுதான். போமே, கொயம்பு அடி புடிக்குது.”

அடுப்படியில் நின்று அழுதேன். இந்தமுறை ஏன் அழுகிறேன் என்று தெரிந்தது.

மறுநாள் பஸ் வழக்கம்போல நின்றது. நோட்டைத் திறந்து, அன்றைக்குக் கடல் என்ன நிறம் என்று எழுதினேன். தூரத்தில் ஒரு கப்பல் நங்கூரம் போட்டு, உள்ளே வர அவசரமே இல்லாமல் மிதந்துகொண்டிருந்தது; அதையும் எழுதினேன். கீழே சிலுவை போடக் கை போனது. போடவில்லை.

அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டேன். பொய்யைச் சொன்னேன், எரிச்சலைச் சொன்னேன், கொட்டாவியைக்கூடச் சொன்னேன்.

“வேற ஏதாவது இருக்கா மகளே?” என்று சாமியார் கேட்டார்.

லாரிகளுக்கு நடுவே அந்தத் துண்டுக் கடல் கண்ணுக்குள் வந்து நின்றது.

“இல்ல சாமி” என்றேன்.