உபயம் எழுதிய லென்ஸ்

அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். குடியிருந்தது நெமிலிச்சேரியில், தனி அறை. துணி துவைத்து, அறையைப் பெருக்கி, வாரத்துக்கான புளிக்காய்ச்சலைக் கிண்டி இறக்கினாலும் ஞாயிற்றுக்கிழமை அப்படியே மிச்சமிருக்கும். பேச ஆளிருக்காது.

அண்ணனூரில் ஒரு தெருப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சோதனைகள் செய்துகாட்டத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். அவர்கள் பள்ளியின் ஆய்வுக்கூடம் பூட்டியே கிடந்தது இன்னொரு காரணம். பெற்றோர் முன்பு பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். இப்போது எஸ்டேட்டில் சுமை தூக்கினார்கள், பெருக்கினார்கள். அந்தத் தெருவிலிருந்து ஒருவர்கூட எங்கள் சோதனைப் பிரிவுக்கு வேலைக்கு வந்ததில்லை. பால்வாடி அறையில் பிள்ளைகளோடு அவர்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

கறுப்புத் துணி, சார்ட் அட்டை, பசை எல்லாம் என் சம்பளத்தில் வாங்கினேன். பெரிய லென்ஸுக்கு மட்டும் முடியவில்லை. பல இடங்களில் ஏறி இறங்கியதில் ஒரு லேத் பட்டறை முதலாளி ஒப்புக்கொண்டார். வகுப்பை வந்து பார்த்துத் திருப்தியானால் மேற்கொண்டும் வாங்கித் தருவதாகச் சொன்னார். இல்லையென்றால் வகுப்பு அதோடு நின்றுவிடும். கேட்பதற்கு எனக்கு வேறு வாசல் இல்லை.

லென்ஸை அவரே வாங்கி, போர்டு எழுதுபவரிடம் கொடுத்து, கண்ணாடியின் நடுவில் சிவப்பு பெயின்டில் 'உபயம்' என்றும் கீழே தன் பெயரையும் எழுதவைத்து அனுப்பினார். சுரண்டிவிடலாமா என்று யோசித்தேன். கோயில் ட்யூப்லைட்டில் எழுதியதை யாரும் சுரண்டுவதில்லை. அப்படியே விட்டேன்.

ஞாயிறன்று அவரும் வந்தார். வெளியே நல்ல வெயில். ஜன்னலை அட்டையால் மூடி, அதிலிருந்த ஓட்டையில் லென்ஸைப் பொருத்தினேன். வெள்ளைத் துணி ஒட்டிய பலகையை எதிரே பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினேன். தெரு முழுவதும் தலைகீழாக அதில் வந்து விழுந்தது. சற்று மங்கல்தான்.

"ஏய், உன் ஊட்டுக்காரு தலைகீழா வந்துகினு கீறாரு பாரு."

"அது பேசறதெல்லாம் எப்பவும் தலைகீழாதான். இப்பதான் ஆளும் அப்டி வருது."

முதலாளி சிரிக்கவில்லை. துணியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"என் பேரு எங்கம்மா?"

"தெரியாது சார். லென்ஸோட ஒவ்வொரு பகுதியும் முழுப் படத்தையும் உண்டாக்கும். பேர் இருக்கிற இடத்தால வெளிச்சம் மட்டும்தான் குறையும்."

"அப்போ எழுதியும் பிரயோசனமில்லன்றே."

"ஆமா சார்."

வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. கணவனைக் கேலி செய்த அந்தப் பெண்தான் மறுபடி வாய் திறந்தாள்.

"பேரு தெர்லன்னா இன்னா மொதலாளி? நீங்களே போய் வெளிய நில்லுங்கோ. ஆளே தெரியப் போறீங்கோ."

அவர் எழுந்து வெளியே போனார். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். துணியில் முதலில் செருப்பு வந்தது, பிறகு வேட்டி, கடைசியில் கீழே அவர் முகம். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

பிள்ளைகள் கூச்சலிட்டபடி வெளியே ஓடினார்கள். பெற்றோரும் பின்னாலேயே போனார்கள். படம் கலங்காமல் இருக்கப் பலகையை ஒருவர் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நான் உள்ளே இருந்தேன்.

"தெரியறனாம்மா?"

"தெரியறீங்க சார்."

"அடுத்தது இன்னா வோணும்?"

"காந்தம்."

"வாங்கிக்கலாம். பேர பொட்டி மேல போட்டுக்கலாம்."

துணியில் எல்லோரும் தலைகீழாக என்னைப் பார்த்துக் கையசைத்தார்கள். ஜன்னல் முழுக்க அட்டை. அவர்களுக்கு நான் தெரிய வழியில்லை. பலகையைப் பிடித்திராத கையை உயர்த்தி நானும் அசைத்தேன்.