செய்தி முக்காலி

முதலில் மூன்று சிறு ஒலிகள் வரும், பிறகு ஒரு நீண்ட ஒலி, அதன் பின் ஒரு மூச்சளவு மௌனம். ஜெர்மனியின் ஹம் நகரத்தில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக் குசினியில், அந்த மௌனத்துக்குள் அம்மா தாளித்துக்கொண்டிருந்த சட்டியை அடுப்பிலிருந்து தூக்கிவிடுவார். கடுகு வெடிக்கும் சத்தத்தில் முதல் செய்தி காதில் விழாமல் போகிறது என்பது அப்பாவின் முறைப்பாடு.

அது ரயிலில் ஒன்றரை மணித்தியாலத் தூரத்திலிருந்த ஒரு பெரிய நகரத்தின் வானொலி. இருபத்துநான்கு மணித்தியாலமும் செய்தி, செய்தியைத் தவிர வேறொன்றுமில்லை. கீழ்மாடி ஜெர்மன்காரர் சொன்ன கதைப்படி, அந்த அலைவரிசையில் முன்பு வாத்திய இசைதான் போய்க்கொண்டிருந்ததாம். ஒருநாள் இசையை நிறுத்தி முழுவதையும் செய்திக்காரர்களிடம் கொடுத்துவிட்டார்களாம், இவர் கோபித்துக் கடிதம் எழுதியும் பதில் வரவில்லையாம். கால்மணிக்கு ஒருமுறை எல்லாம் தலையிலிருந்து தொடங்கும்: நாட்டுச் செய்தி, உலகச் செய்தி, பங்குச் சந்தை, விளையாட்டு, மழை, கடைசியில் எந்த நெடுஞ்சாலையில் எத்தனை கிலோமீட்டருக்கு வாகனங்கள் முடங்கி நிற்கின்றன என்ற ‘ஸ்டாவ்’ பட்டியல். கார் இல்லாத நாங்கள் அந்தப் பட்டியலையும் பக்தியோடு கேட்டோம்.

அப்பா கம்பித் தொழிற்சாலையில் காலை வேலை முடித்து இரண்டரைக்கு வீடு வந்து, கை கழுவ முன்பே வானொலியைத் திருகுவார். பெரியப்பா குடும்பம் யாழ்ப்பாணத்தில் சண்டைக்குள் இருந்தது, கடிதம் வர மாதக்கணக்காகும், அகதியாக ஏற்கச் சொல்லி நாங்கள் கொடுத்த ‘அன்ட்ராக்’ ஏதோ ஒரு கந்தோரின் அலுமாரியில் தூங்கியது. அப்பாவுக்குத் தெரிந்த ஜெர்மன் தூக்கு, இறக்கு, நிறுத்து என்ற அளவில்தான். அம்மாவுக்கு அதுவும் இல்லை. ஒருநாள் பஸ் ஒன்று பிரண்ட செய்தியை மணித்தியாலத்துக்குள் நான்கு முறை வாசித்தார்கள். ‘பஸ்’ என்ற சொல்லை மட்டும் பிடித்து, மிச்சத்தை வாசித்த குரலிலிருந்து ஊகித்துக்கொண்ட அம்மா நான்கு முறையும் சிலுவை போட்டுவிட்டு, “இண்டைக்கு நாலு பஸ் பிரண்டிட்டுதாம், நீங்கள் வேலைக்கு ரெயினிலையே போங்கோ” என்று அப்பாவிடம் சொன்னார். அது ஒரே பஸ்தான், இந்த வானொலி சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் என்று விளக்கியவள் என் அக்கா ஜெசிந்தா. அன்றோடு குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த முக்காலி அவளுக்குச் சொந்தமானது. அவள் அதில் குந்தியிருந்து கேட்டு அப்பாவுக்குத் தமிழில் சொல்வாள், அப்பா தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு ஒன்பது. ஆனால் அவள் ஊரில் இரண்டு வகுப்புப் படித்துவிட்டு வந்தவள், நான் பாலர் பள்ளியிலிருந்தே ஜெர்மன் பேசியவள். வரிச் செய்தி வந்தால் அவள் பாதியை விழுங்கிவிடுவாள், எனக்குத் தெரியும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாரே இந்த மனிதர் என்று தோன்றும். வாய் திறந்தால், “மூத்தவள் சொல்லட்டும், நீ பேசாமல் இரு” என்பார் அப்பா.

ஒருநாள் அக்கா பல் வைத்தியரிடம் நேரம் குறித்த ‘டெர்மின்’ இருக்கிறதென்று பள்ளியிலிருந்தே போய்விட்டாள். முக்காலி காலியாக இருந்தது. நான் ஏறி உட்கார்ந்தேன். அப்பா குளியலறையில் கையிலிருந்த எண்ணெயைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் செய்தி வந்து போனது, அதில் அவருக்குச் சொல்லும்படி ஒன்றுமில்லை. ஆனால் அவர் துவாயோடு வந்து நின்று, வழக்கமாக அக்காவைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை வெறுமனே திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

“ஸ்ரீலங்காவிலை சண்டை நிக்கப்போகுதாம் அப்பா. ரெண்டு பகுதியும் ஓம் எண்டிட்டினமாம்.”

துவாய் தோளிலிருந்து விழுந்தது. “வடிவாக் கேட்டனியோ?” என்றார். ஓம் என்றேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார். கால்மணிக்கு ஒருமுறை எல்லாம் திரும்பி வரும் வானொலியில், என் பொய்யின் ஆயுள் பதினைந்து நிமிடந்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பன்னிரண்டாவது நிமிடம் அக்கா புத்தகப் பையோடு உள்ளே வந்தாள். அப்பா என் தோளைத் தொட்டு எழுப்பினார். “எழும்பு, அக்கா இருக்கட்டும். ஜெசிந்தா, ஸ்ரீலங்கா சொல்லப்போறாங்கள், கவனமாக் கேள்.” மாட்டிக்கொள்ளப் போகிறேன் என்ற பயத்தையும் மீறி எனக்கு ஆத்திரம் வந்தது. செய்தி என்னுடையது, பொய்யென்றாலும் என்னுடையது. அதற்கும் முத்திரை குத்த அவள்தான் வேண்டுமா?

மூன்று ஒலி, ஒரு நீண்ட ஒலி. வேலைநிறுத்தம், பங்குச் சந்தை, உதைபந்தாட்டம், மழை, ஸ்டாவ். அக்கா என்னைப் பார்த்தாள். அவளுடைய காது நுனிவரை சூடேறியதுபோல் முகம் மாறிப்போயிருந்தது.

“ஓம் அப்பா, சொன்னவங்கள்தான்,” என்றாள். “சின்னதாத்தான் சொன்னவங்கள்.”

அப்பா “சரி” என்று சொல்லி வானொலியை நிறுத்தினார். அன்று மாலை அம்மா மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றினார். அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் காட்டிக்கொடுத்திருந்தால் இரண்டு அடியோடு முடிந்திருக்கும். அவளோ என் பொய்யை என்னைவிட அழகாகச் சொன்னாள், அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இப்போது அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். வானொலிப் பெட்டி பழுதாகிப் போய்விட்டது, முக்காலியை வீடு மாறும்போது எறிந்துவிட்டோம். அப்பா ஓய்வு பெற்று, ஜெர்மன் செய்தியைத் தானே விளங்கிக்கொள்கிறார், தமிழ்ச் செய்தியைக் கைப்பேசியில் பார்க்கிறார்; அவருக்கு எங்கள் இருவரின் வாயும் தேவையில்லை. அக்கா ஆஹென் நகரத்தில் இருக்கிறாள். ஹம்மில் அப்பாவைக் கண் வைத்தியரிடம் கூட்டிச் செல்வது, மருந்து வாங்குவது எல்லாம் நான்தான்.

போன மாதம் அப்படிப் போகும்போது காரில் அதே வானொலி ஒலித்தது. அந்தச் செய்தி என் பொய் என்று, எத்தனையோ ஆண்டுகள் தள்ளிப்போட்ட பாவசங்கீர்த்தனத்தை அன்று செய்தேன். அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

“அது எனக்கு அண்டைக்கே தெரியும். எனக்கு ஜெர்மன்தான் விளங்காது. ஸ்ரீலங்கா எண்டதை எந்தப் பாஷையிலை சொன்னாலும் விளங்கும்தானே. நான் அந்த ஒரு சொல்லுக்காகத்தானே பிள்ளை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தனான்.”

“பிறகேன் பேசாமல் இருந்தனீங்கள்?” அவர் என்ன சொல்வார் என்று நான் ஆசையோடு காத்திருந்தேன்.

“ஜெசிந்தா பாவம். பொய் சொல்லிப் பழக்கமில்லாத பிள்ளை, முகமெல்லாம் மாறிப்போய் நிண்டவள். அவளை வெக்கப்படுத்த எனக்கு மனம் வரேல்லை.”

நான் நாற்பது வயதைத் தாண்டியவள், என் பிள்ளைகளே வளர்ந்துவிட்டார்கள், ஆனாலும் வயிறு அதே இடத்தில் அதேபோல் எரிந்தது. வைத்தியசாலை வாசலில் காரை நிறுத்தினேன். அடுத்த செய்திக்கு இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.

“அக்காவுக்கு ஒரு கோல் எடு பிள்ளை,” என்றார் அப்பா. “வந்து சேர்ந்திட்டம் எண்டு சொல்லு.”

எடுத்து, கைப்பேசியை அவரிடமே கொடுத்தேன்.