கயிறு மாற்றாத மாடு

என் பெரியப்பா தம் வாழ்நாளில் ஒரே ஒரு வழக்கில்தான் ஜெயித்தார். அல்வால் போகும் சாலையில் இருந்த மாட்டுப் பவுண்டில் அந்த வழக்கு நடந்தது. மொழிபெயர்த்தவள் நான். பாவாடையை இழுத்து இழுத்துக் கட்டிக்கொள்ளும் வயது எனக்கு.

உலகச் சண்டைக் காலம் அது. அப்பாவுக்கு ரயில் ஒர்க்ஷாப்பில் வேலை. தெலுங்கும் உருதுவும் பேசும் ஊரில், மெட்டுகுடா ரயில்வே லயனில் குடியிருந்தோம். கடைகளில் டின் பால் மறைந்துபோயிருந்தது. அம்மாவுக்கும் பால் வற்றிவிட்டது. கைக்குழந்தையாக இருந்த என் தம்பி கஞ்சித் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, ஏமாற்றப்பட்டதுபோல் அழுவான். அவன் தேறமாட்டான் என்று பக்கத்து வீடுகளில் பேசிக்கொண்டது அம்மாவின் காதிலும் விழுந்தது. அன்றே வளையல்களைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்து, ஒரு மாடு வாங்கியே ஆகவேண்டும் என்றாள்.

அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. பெரியப்பாவுக்கோ வருஷம் பூராவும் லீவு. வட ஆற்காட்டில் அவர் வைத்திருந்த நெல் மண்டியைக் கூட்டாளி விழுங்கி ஏப்பம் விட்டபின் எங்களோடு வந்து தங்கியிருந்தார். எதை வாங்கப் போனாலும் ஏமாந்து வருவார் என்பதால் வீட்டில் அவரை உப்பு வாங்கக்கூட அனுப்புவதில்லை. ஆனால் மாட்டுக்குச் சுழி பார்க்கத் தெரிந்தவர் எங்கள் லயனிலேயே அவர் ஒருவர்தான். தமிழ் தவிர வேறு பேச்சு அவருக்கு வராது. தெலுங்கையும் உருதுவையும் தெருவிலேயே பொறுக்கிக்கொண்ட என்னைத் துணைக்கு அனுப்பினார்கள்.

தெருவில் திரிந்து பிடிபட்டு, சொந்தக்காரர் வந்து மீட்காத மாடுகளைப் பவுண்டில் ஏலம் விடுவார்கள். பெரியப்பா ஒவ்வொரு மாட்டின் நெற்றியையும் முதுகையும் தடவிப் பார்த்துக்கொண்டே போனார். மூலையில் நின்ற செவலைப் பசுவிடம் வந்ததும் அவர் முகம் மலர்ந்தது. ராஜசுழி என்றார். வந்திருந்தவர்கள் அந்தப் பசுவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கண்டதைத் தின்று வயிறு உப்பிப்போன மாடு, நாளைக்கே செத்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள். அதை நான் பெரியப்பாவிடம் சொன்னேன்.

"வயிறு கெடக்குது, சுழியப் பாரு பாப்பா" என்றார்.

பவுண்டு குமாஸ்தா மூன்று தரம் கூவிப் பலகையில் கட்டையால் தட்டினார். மாடு எங்களுக்கு விழுந்தது.

வாசலில் ஒரு கிழவர் வெற்றிலைப் பெட்டியும் குடையுமாக உட்கார்ந்திருப்பார். எல்லோரும் அவரை ஜிம்மேதார் என்பார்கள். சிறு தொகை கொடுத்தால், வாங்கிய மாடு வீடு போய்ச் சேரும்வரை அதற்கு அவர் பொறுப்பு. வழியில் செத்தாலோ காணாமல் போனாலோ முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு மாட்டை அவர் எடுத்துக்கொள்வார். இன்று இத்தனை பெரிய கட்டடங்களில் நடக்கும் இன்ஷூரன்ஸை அவர் ஒரு குடை நிழலில் நடத்திவந்தார். அவரிடம் கட்டாமல் மாட்டை ஓட்டிவரக்கூடாது என்று அப்பா சொல்லியனுப்பியிருந்தார். கட்டினோம்.

அதற்கப்புறம்தான் குழப்பம். எங்கள் சொந்த ஊர்ப் பக்கத்தில் மாடு விற்கிறவர் தம் கயிற்றைக் கொடுக்கமாட்டார். வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டுபோய்க் கட்டி ஓட்டிவர வேண்டும். பெரியப்பா கயிறு கொண்டுவர மறந்திருந்தார். பவுண்டுக்காரர்கள் தாங்களாகவே ஒரு கயிற்றை நீட்டியும், பிறத்தியார் கயிற்றோடு மாடு வீட்டுக்குள் வந்தால் விளங்காது என்று மறுத்துவிட்டு, என்னை மாட்டருகே நிறுத்திக் கயிறு வாங்கக் கடைக்குப் போனார். அவர் திரும்புவதற்குள் பசு பெருமூச்சு விட்டுக்கொண்டு படுத்துவிட்டது. எழுந்தது. மறுபடி படுத்தது.

பெரியப்பா புதுக்கயிறும் கையுமாக வந்து பார்த்தார். மாடு சாகப்போகிறது என்று பயந்து, சட்டென்று கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"இன்னும் கயிறு மாத்தல. கயிறு மாத்தாத மாடு எப்படி எங்க மாடாகும்? சொல்லு பாப்பா அந்தாளுகிட்ட!"

சொன்னேன். மூன்றாம் தரம் தட்டிய உடனே அது உங்கள் மாடு என்றார் குமாஸ்தா. அப்படியானால் ஜிம்மேதார் பணம் தரட்டும் என்றார் பெரியப்பா. வாசல் தாண்டாத மாட்டுக்கு நான் பொறுப்பில்லை என்றார் ஜிம்மேதார். "நக்கோ, நக்கோ" என்று கையையும் ஆட்டினார். காலையில் மற்ற மாடுகளுக்குப் பத்துப் பேர் போட்டி போட்ட இடத்தில் இப்போது மூன்று பேரும் இந்த மாடு தங்களுடையது இல்லை என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லிச் சொல்லி, யாருக்கு எந்த மொழி என்பதே எனக்கு மறந்துபோயிற்று. குமாஸ்தாவிடம் தமிழிலும் பெரியப்பாவிடம் உருதுவிலும் பேசி இருவரிடமும் திட்டு வாங்கினேன். கீழே கிடந்த பசு ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

ஜிம்மேதார் குடையை மடக்கி வைத்துவிட்டு மாட்டின் பின்பக்கமாகக் குந்தினார். வயிற்றில் கையை வைத்து அழுத்தினார். மடியைத் தொட்டுப் பார்த்தார். எழுந்தபோது ஆளே மாறியிருந்தார்.

"ஜக்டா கைக்கு பாய்? மேரா ஜிம்மா. பைசே லேலேவ்" என்றார். சண்டை எதற்கு, என் பொறுப்பு, பணத்தை வாங்கிக்கொள் என்று நான் சொன்னதைப் பெரியப்பா நம்பாமல் மறுபடி கேட்கச் சொன்னார். "ஹவ், ஹவ்" என்று கிழவர் தலையாட்டினார். முழுப் பணமும் கைக்கு வந்தது. நாங்கள் கட்டிய பொறுப்புக் கூலியைக்கூடத் திருப்பித் தந்துவிட்டார். தோற்றவர் அத்தனை சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொல்லி ஆளை விரட்டிக்கொண்டிருந்தார்.

பெரியப்பா வழியெல்லாம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பாவை உட்காரவைத்து முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, மாடு ஒரே படுக்கையா படுத்துச்சா, எழுந்து எழுந்து படுத்துச்சா?"

"எழுந்து எழுந்து."

"வால்?"

"தூக்கித் தூக்கி வச்சுது."

அம்மா தம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "கன்னு போடுற மாடுடி அது. படுக்காம என்ன செய்யும்" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, சத்தம் வெளியே போகாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தம்பியும் அழுதான்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பெரியப்பாவுக்கு இலை போட்டாள். கஞ்சியில் விடுவதற்குத் தம்பிக்காக எடுத்துவைத்திருந்த நெய்யை அவர் சோற்றில் விட்டாள்.

"நல்லவேளை நீங்க போனீங்க மாமா. வேற யார் போயிருந்தாலும் செத்த மாட்டத் தலையில கட்டி அனுப்பியிருப்பாங்க" என்றாள்.

பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன அநியாயம் இது என்று, "ஆனா அம்மா, நீதானே அது கன்னு..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் மீதிப் பேச்சு அலறலாகத்தான் வந்தது.

வயிற்றில் கன்றோடு இருந்த மாட்டை விட்டுவிட்டு வந்தவருக்கு நெய், உள்ளதைச் சொல்லப்போன எனக்குக் கிள்ளு. அம்மாவுக்குப் பெரியப்பாவைக் கண்டால் பயம் என்று அந்த வயதில் நான் முடிவுகட்டிக்கொண்டேன்.