பன்னிரண்டாம் மாடிப் பெரியாச்சி

ரத்தினம்மாவை யாரும் பணிய வைத்து நான் பார்த்ததில்லை. பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. ஜூரோங் பக்கம் எங்கள் கம்பத்துக் கிராமத்தில் இருந்த பெரியாச்சிக்கு விளக்கேற்றியதும் அவர்தான்.

பெரியாச்சி கதை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கொடுமைக்கார ராஜா ஒருவன். பிறக்கும் பிள்ளை தரையில் பட்டால் நாடு அழியும் என்று சாபம். பிரசவம் பார்க்க வந்த பெரியாச்சி பிள்ளையைக் கீழே விடாமல் கையிலேயே தாங்கினாள். காரியம் முடிந்ததும் ராஜா அவளையே வெட்ட வந்தான். அவனைக் காலில் போட்டு மிதித்து, பாய்ந்து வந்த ராணியை மடியில் கிடத்திக் குடலை உருவினாள். சிலையும் அப்படியேதான். ஆனாலும் பிள்ளை பிறந்த முப்பதாம் நாள் அவள் காலடிக்குத்தான் தூக்கிக்கொண்டு போவோம்.

1979இல் அரசாங்கம் கம்பத்து நிலத்தை எடுத்தது. அங்கிருந்த மூன்று கோயில்களைச் சேர்த்து ஒரே கோயில் கட்ட முடிவானது. கோயில் கமிட்டிக் கூட்டத்தில் தலைவர் தனசேகரன் சொன்னார்:

"முருகன் வரலாம், மாரியம்மன் வரலாம். குடலை உருவுற சாமி புதுக் கோயிலுக்குச் சரிப்படாது. ஸ்கூல் பிள்ளைங்க வர்ற இடம்."

கை தூக்கச் சொன்னார். தூக்கினோம். நானும்தான்.

ரத்தினம்மா எழுந்தார். "கை தூக்குனவன்ல எவன் தன் பிள்ளையை அவகிட்ட காட்டாம வளர்த்தான்? சொல்லு பார்ப்போம்."

தனசேகரன் தீர்மானத்தை நோட்டில் எழுதிக்கொண்டார்.

மறுநாளே ரத்தினம்மா வீடமைப்பு ஆபீசுக்குப் போய், பெரியாச்சியை வைக்க, தனக்குத் தரும் மாற்று வீடு உச்சி மாடியில்தான் வேண்டும் என்று நின்றார். லிஃப்ட் பத்தாவது மாடியோடு சரி, மிச்சத்தைப் படியில் ஏற வேண்டும் என்றார் கிளார்க்.

"ஏறுறேன். அவ தலைக்கு மேல ஒருத்தன் கால் நடக்கக் கூடாது."

பூன் லேயில் பன்னிரண்டாம் மாடி கிடைத்தது. சிமெண்டுச் சிலை, நாலு ஆள் கனம். லாரிக்காரர் நெய்னா முகம்மதுவும் தோள் கொடுத்தார்.

"யக்கா, உங்க சாமி என்னதான் சாப்பிடுது? இந்தக் கனம் கனக்குது!"

"உன்னைப் போல வாயாடிங்களைத்தான். பேசாம தூக்கு லா."

ஒரு மாதத்தில் முதல் பிள்ளை வந்தது. அப்புறம் வந்துகொண்டே இருந்தார்கள். தீவின் அந்தக் கோடியில் இருக்கும் பிடோக்கிலிருந்து பஸ் மாறி மாறி, பச்சைப் பிள்ளையோடு படியேறினார்கள். வெள்ளிக்கிழமை படி முழுக்கச் செருப்பு. புதுக் கோயிலில் முப்பதாம் நாள் பிள்ளை ஒன்றைக்கூடக் காணோம்.

தனசேகரன் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார். "இடம் தர்றோம், ரத்தினம்மா. குடலை மட்டும் பூசி மறைச்சிட்டு, முகத்தைச் சாந்தமா..."

"மடியில கிடக்குற ராணிக்குப் பேன் பார்க்கிற மாதிரியா? ரத்தம் இல்லாம ஒரு பிள்ளை பிறந்து நான் பார்த்ததில்லைங்க. அவளை அப்படியே கூப்பிடுறதா இருந்தா பேசுங்க. இல்லைன்னா படி அந்தப் பக்கம். பார்த்து இறங்குங்க."

அவர் இன்னும் இரண்டு தடவை ஏறினார். கடைசித் தடவை குரல் தணிந்திருந்தது. "சரி, சிலை அப்படியே வரட்டும். முன்னால ஒரு திரை போட்டுக்கிறோம். இதுக்காவது ஒத்துக்குங்க."

ரத்தினம்மா சிலையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"போடுங்க. கயிறு என் கையில இருக்கணும்."

1982 தை மாதம் பெரியாச்சி கீழே இறங்கினாள். அன்றிலிருந்து ரத்தினம்மா வேலை முடிந்து நாலு மணிக்குக் கோயிலுக்கு வந்து திரையைத் திறப்பார். கோயில் சாத்தும்வரை அவர் அதை மூடி நான் பார்த்ததில்லை.