சாக்குக் கழிவு போக எழுபத்தாறு

நார்வேயில் பெர்கன் நகரத்துச் சுகாதார நிலையத்தில் எடை பார்க்கும் நர்ஸ் எண்ணை வாய்விட்டுச் சொல்லமாட்டாள். இயந்திரத்தில் ஏறி நின்றால் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து மடித்துக்கொண்டு, "சொல்லட்டுமா, வேண்டாமா? உங்கள் விருப்பம்" என்று கேட்பாள். முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னுடைய எடை என்ன ராணுவ ரகசியமா? கோவில்பட்டி கமிஷன் கடைத் தெருவில் ஒரு காலத்தில் அதை அறியாத மூட்டைக்காரன் கிடையாது. நான் சிரித்ததைப் பார்த்து அவளும் சிரித்தாள். எதற்குச் சிரித்தேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும், பாவம்.

எங்கள் வீட்டின் முன்பாதி மிளகாய் வத்தல் கமிஷன் கடை. விளாத்திகுளம் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் மூட்டை மூட்டையாக வத்தல் கொண்டுவந்து இறக்குவார்கள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின் கடையும் வீடும் நானும் அண்ணன் கைக்குப் போனோம். தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தோரு வயது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைத் தின்றுவிட்டு, "பொண்ணு கொஞ்சம் தாட்டியமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் தெருமுனையைத் திரும்புவதற்குள் அண்ணன் என் கொண்டையைப் பிடித்து இழுத்துக் கடைக்குள் கொண்டுபோய்ப் பிளாட்பாரத் தராசில் நிறுத்தினான். மூட்டை ஏற்றுகிற தராசு. சுற்றிலும் ஆட்கள். "எழுபத்தெட்டு!" என்று கூவினான். வத்தல் மூட்டைக்கு எடை போட்டால் சாக்குக்கென்று இரண்டு கிலோ கழிப்பது கடை வழக்கம். ஒரு ஆள் வாய் துடுக்காக, "அண்ணாச்சி, சாக்குக் கழிவு?" என்றான். "கழிச்சுக்கோ. எழுபத்தாறு" என்றான் அண்ணன். கடையே சிரித்தது. அன்றைக்கு நான் செத்திருக்கலாம் என்று பல வருஷம் நினைத்திருக்கிறேன்.

அடுத்த மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு நாற்பது நாள் இருந்தது. அதற்குள் பன்னிரண்டு கிலோ குறைய வேண்டும் என்பது உத்தரவு. காலையில் கொள்ளுக் கஞ்சி, ராத்திரி கொள்ளு ரசம், நடுவில் ஒன்றுமில்லை. அடுக்களைச் சாவி அண்ணன் இடுப்பில். வெள்ளிக்கிழமைதோறும் தராசு. குறைந்தால் பேச்சில்லை, குறையாவிட்டால் சாக்குத் தைக்கிற சணல் கயிற்றை நாலாக மடித்து அடிப்பான். தலையணை உறைக்குள் இரண்டு கடலைமிட்டாயை ஒளித்து வைத்திருந்தேன். கண்டுபிடித்த அன்று என் முகத்தை நிலைக்கட்டையில் மோதினான். இடது புருவத்தில் முடி முளைக்காத இடம் ஒன்று இருக்கிறது. அது அந்த மிட்டாய்க்கான விலை. அண்ணன் மனைவி, என் மதினி, அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுக்கும் அதே கயிறுதான்.

அடி தாங்கமாட்டாமல் நான் ஒரு வேலை செய்தேன். எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு மட்டும்தான் இந்தப் புத்தி வரும். வத்தலைக் களத்தில் காயப்போட்டால் எடை இறங்கும். பிறந்ததிலிருந்து பார்த்த வித்தை. சித்திரை மாசம், வியாழக்கிழமை முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், வத்தல் கிளறுகிற சாக்கில் களத்தின் நடுவில் வெயிலில் கிடந்தேன். வெள்ளிக்கிழமை மூன்றரைக் கிலோ குறைந்திருந்தது. அண்ணனுக்கு முகமெல்லாம் பல். புதுச்சேலை எடுத்துத் தந்தான். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுக் குடித்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை முள் பழைய இடத்துக்கே வந்து நின்றது. அவன் வியாபாரி இல்லையா, ஒரு நிமிஷத்தில் புரிந்துகொண்டான். "தண்ணிய வத்தவச்சு என்னையே ஏமாத்துதியாட்டி? சம்சாரி என்னடான்னா தண்ணி தெளிச்சுக் கொண்டாரான், நீ காயவச்சுக் கொண்டாரியோ?" என்று கேட்டுக்கேட்டு அடித்தான். அன்று விழுந்தவள் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.

அந்த மாப்பிள்ளையும் வேண்டாம் என்றான். கடைசியில் என்னைக் கட்டிக்கொண்டவர் பெர்கனில் கப்பல் பட்டறையில் வெல்டர். எடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனுஷன். இந்த ஊரில் மழை நின்றால்தான் ஜனங்கள் வானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். நாங்கள் மழைக்காக அண்ணாந்து பார்த்தவர்கள். மழைக்கும் குளிருக்கும் பயந்து வீட்டுக்குள் உட்கார்ந்தே எண்பத்தொன்பது கிலோ ஆனேன். இங்கே அடிக்க அண்ணன் இல்லையே என்று நானே அந்த வேலையை எடுத்துக்கொண்டேன். முட்டைக்கோஸ் சூப் பத்து நாள், வெறும் க்னெக்கெப்ரோ என்கிற காய்ந்த ரொட்டி இருபது நாள். பதினோராம் நாள், இருபத்தோராம் நாள் சட்டியோடு சோறு தின்பேன். பிறகு குளியலறையில் கதவைத் தாழிட்டு என் கன்னத்தில் நானே அறைவேன், வயிற்றுச் சதையைப் பிடித்துத் திருகுவேன். வெளிநாட்டில் இருக்கிற எத்தனை பெண்கள் குழாயைத் திறந்துவிட்டு இப்படி அறைந்துகொள்கிறார்களோ, எனக்குத் தெரியாது. இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒருநாள் என் மகள் செல்வி இரண்டாம் தரம் உருளைக்கிழங்கு எடுக்கக் கை நீட்டினாள். ஒன்பது வயது. என் கையிலிருந்த கரண்டி அவள் விரல் முட்டியில் இறங்கியது. தோல் பிய்ந்து ரத்தம். "தின்னது போதும்ட்டி!" என்று கத்தியது என் வாய்தான், குரல் மட்டும் அச்சு அசலாக அண்ணன் குரல். ஐயோ, இந்தப் பாவியைச் சுமந்துகொண்டா இத்தனை கடல் தாண்டி வந்தேன் என்று என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது என்று டாக்டர் ஏற்கனவே என்னை இங்ரிட் என்ற டயட்டீஷியனிடம் போகச் சொல்லியிருந்தார். மறுநாளே போனேன். "ஆறு மாதத்தில் நாலு கிலோ குறைத்தால் போதும்" என்றாள். நாலு கிலோவா? ஒரு வெள்ளிக்கிழமைக் கணக்கு அது. "சோற்றை விட வேண்டாம். இரண்டு கிண்ணத்துக்குப் பதில் ஒன்று. சாப்பிட்டதும் அரை மணி நேரம் நடை. சாப்பிட்டதை இந்த நோட்டில் எழுதுங்கள்."

"குறையாவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"மறுபடி பேசுவோம்."

"அவ்வளவுதானா?"

அவள் என் புருவத்தையே பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "வீட்டில் கணவர் உங்களை அடிக்கிறாரா?" என்றாள்.

"ஐயையோ, அவர் இல்லை. எங்கள் வீட்டில் அடிப்பது நான்தான்" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தாள். நான் அழுது முடித்தேன். பிறகு திட்டத்தின் அடியில் அவள் கையால் ஒரு வரி சேர்த்தாள்: வீட்டில் யாரும் யாருடைய தட்டையும் பார்த்துப் பேசக்கூடாது. சோற்றைக் குறைத்தது பெரிய பாடாக இல்லை. அந்த ஒரு வரிதான் உயிரை எடுத்தது. செல்வி ரொட்டியில் வெண்ணெய் தடவும்போது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொள்வேன். நாலு மாதத்தில் இரண்டரைக் கிலோ குறைந்தது. அதைவிட, அந்த நாலு மாதமும் என் மகள் மேல் கை படவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு திட்டம் என் கைக்குள் நின்றது என்று நம்பினேன்.

அந்தக் கோடை விடுமுறையில் செல்வியை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அண்ணனுக்குத் தலை நரைத்திருந்தது. கடைவாசலில் கால் வைத்ததுமே, "வெளிநாட்டுச் சரக்கு வந்துருக்கு, எடை போட்டுருவோமா? ஏறுட்டி" என்றான். சிரித்து மழுப்பினேன். அவன் விடவில்லை. செல்வியை அக்குளில் கை கொடுத்துத் தூக்கித் தராசில் நிறுத்தினான். "நாப்பத்தெட்டு! சாக்குக் கழிவு ரெண்டு போவ நாப்பத்தாறு! தாய மாதிரியே தாட்டியம்லா!" ஆட்கள் சிரித்தார்கள். செல்விக்கு அந்தத் தமிழ் புரியவில்லை. எல்லோரையும் பார்த்துத் தானும் சிரித்துக்கொண்டே நார்வேஜியனில் என்னிடம், "அம்மா, ஏன் சிரிக்கிறார்கள்?" என்று கேட்டாள்.

அண்ணனை அறைந்தேன். அவன் திருப்பி அறைந்ததில் என் உதடு கிழிந்தது. வத்தல் குவியலில் போய் விழுந்தேன். கைக்கு மூட்டை தூக்குகிற கொக்கி கிடைத்தது. எழுந்து வீசினேன். அவன் தோளில் குத்திச் சட்டையோடு சதையையும் கிழித்தது. "அம்மாடி!" என்று அலறி உட்கார்ந்தான். இன்னொரு தடவை ஓங்கினேன். இரண்டு ஆட்கள் என் கையை முறுக்கிப் பிடித்திராவிட்டால் கழுத்தில் இறங்கியிருக்கும். பொய் சொல்லமாட்டேன், இறங்கட்டும் என்றுதான் ஓங்கினேன். வத்தல் மேல் சிந்திய ரத்தம் கண்ணுக்கே தெரியவில்லை. தராசை விட்டு இறங்காமல் செல்வி வீறிட்டுக் கத்திக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தது மாமாவை இல்லை, என்னை.

பெட்டியைத் தெருவில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தோம். மதினி தலையில் முக்காட்டோடு ஓடிவந்து ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தை நீட்டினாள். "இனி இங்கன வராத தாயி. அவிய வெட்டிப்போடுவேன்னு நிக்காவ. பிள்ளைய வெறும் வயித்தோட கூட்டிட்டுப் போவாத, சாப்பிடுங்க." அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. "நல்லா குத்துனட்டி" என்று காதோடு சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இலையைப் பிரித்தேன். பருப்புச்சோறும் கத்தரிக்காய்ப் பொரியலும். செல்வி வாயோரத்தில் பருக்கை ஒட்டியிருந்தது. துடைக்கக் கையைத் தூக்கினேன். அவள் சட்டென்று தலையைச் சாய்த்து முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டேன். விரலெல்லாம் வத்தல் காந்தல். கொஞ்ச நேரம் கழித்து அவளே என் பையிலிருந்து இங்ரிட் தந்த நோட்டையும் பென்சிலையும் எடுத்தாள். தினமும் எனக்காக அதில் எழுதுவது அவள்தான். சோறு என்று எழுதினாள். எங்கே சாப்பிட்டீர்கள் என்பதற்கு அந்த நோட்டில் இரண்டே கட்டம்: வீடு, வெளி.

"எதில் போட?" என்று என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

பஸ் ஊரைத் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் போகும்வரை அவள் பென்சிலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.